வழி கேட்டு வந்தவர்!

ஒரே ஒரு மதிப்பெண் வினா. "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்?" நாற்பது விடைத்தாள்களைத் திருத்தினோம். முப்பத்தொன்பது பேர் வாஸ்கோடகாமா என்று எழுதியிருந்தனர். அவர்களுள் ஒருவன் காமாவை 'மாமா' ஆக்கியிருந்தான். போகட்டும் என்று அவனுக்கும் ஒரு மதிப்பெண் ஈந்தோம். எஞ்சிய ஒருவன் எழுதியிருந்த விடை: "வழி தெரிந்த மாலுமி." சிவப்பு மையை எடுத்தோம், பெருக்கற்குறி இட்டோம், சுழியும் போட்டோம்.

மறுநாள் தாளும் கையுமாக வந்து நின்றான். கட்டுமரம் ஏறிப் பிழைப்பவரின் பிள்ளை. நம் பள்ளி இருப்பது கடற்கரையூர். வகுப்பில் பாதிப்பேர் அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள்.

"ஐயா, அவரு வந்தப்போ துறையிலே வேற கப்பலே இல்லையா?"

"இருந்தன. ஏராளமாக இருந்தன."

"அதெல்லாம் எந்த வழியா வந்துச்சு ஐயா?"

"போய் உட்கார்" என்றோம். வேறென்ன சொல்வது? பட்டம் பெறுவதற்காக மூன்றாண்டு படித்த வரலாறு அத்தனையும், பன்னிரண்டு வயதுப் பாலகனின் ஒரு கேள்விக்கு முன் வாயடைத்து நின்றது. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. படித்ததை மீண்டும் படித்தோம். படிக்கப் படிக்க, சுழி போட வேண்டியது யாருக்கு என்ற ஐயம் வளர்ந்தது.

வீரத்தை மறுக்க வந்தோமல்லோம். 1497 ஜூலையில் நான்கு கப்பல்களோடும், ஏறத்தாழ 170 பேரோடும் லிஸ்பன் நகரை விட்டுக் கிளம்பினார் வாஸ்கோடகாமா. ஆப்பிரிக்கக் கரையோரமாக ஊர்ந்து செல்லாமல், வெர்டு முனைத் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கின் நடுக்கடலுக்கே கப்பல்களைத் திருப்பி, காற்றின் போக்கை நம்பிப் பெருவளைவு வளைத்து, மூன்று திங்கள் கரை காணாது மிதந்து, நவம்பரில்தான் ஆப்பிரிக்காவின் தென்பகுதியைக் கண்டார். கொலம்பஸ் கனேரித் தீவுகளை விட்டு மறுகரை காண முப்பத்தாறு நாளே பிடித்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் துணிவின் அளவு விளங்கும். நீலவானும் நீள்கடலும் தவிர வேறேதும் காணாத அந்த நாட்களுக்காகக் காமாவைப் போற்றுங்கள். நாமும் உடன் போற்றுகிறோம். ஆனால் விந்தையைப் பாருங்கள்! எந்த வினாத்தாளும் அதைக் கேட்பதில்லை. அவர் செய்த அருஞ்செயலை விட்டுவிட்டு, அவர் செய்யாத ஒன்றுக்கு அவருக்கு முடிசூட்டுகிறது பாடம்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் நடுக்கரையைத் தொட்டதும் காமாவின் கப்பல்கள் நுழைந்தது யாரும் அறியாத கடலிலா? இல்லை! சந்தைத்தெருவைப் போல் சந்தடி மிகுந்த கடலில் நுழைந்தன. மொசாம்பிக், மொம்பாசா, மெலிண்டி என்று ஊருக்கு ஊர் துறைமுகம். துறைக்குத் துறை வணிகர். போன இடமெல்லாம் காமா கேட்டது ஒன்றே ஒன்று: வழி காட்ட ஆள் வேண்டும்! மொம்பாசாவில், கப்பலில் இருந்த இருவரின் மேனியில் கொதிக்கும் எண்ணெயைச் சொட்டவிட்டுச் செய்தி கறந்ததை, அக்கப்பலிலேயே வந்த ஒருவரின் நாட்குறிப்பு ஒளிக்காமல் சொல்கிறது. மெலிண்டித் துறையில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல்களே நான்கு நின்றிருந்தன. இவர் 'கண்டுபிடிக்க' இருந்த நாட்டின் கப்பல்கள், இவர் போகும் முன்பே இவரை எதிர்கொண்டு நின்றன! அங்கும் மாலுமி வரச் சற்றுத் தாமதமாயிற்று. உடனே மன்னனின் நம்பிக்கைக்குரிய பணியாளைக் கப்பலிலேயே பிணையாகப் பிடித்து வைத்தார் காமா. மாலுமி வந்து சேர்ந்தான்.

யார் அந்த மாலுமி? அரபு நாட்டுக் கடலறிஞர் இபின் மஜீத் என்று நெடுநாள் பேசப்பட்டது. ஆய்வாளர் பெரும்பாலோர் இன்று அதை ஏற்பதில்லை. குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றன போர்த்துகீசிய வரலாற்று ஏடுகள். 'மாலெமோ கனாக்கா' என்று பெயரும் தருகின்றன. ஆனால் அது பெயர்தானா? 'மாலெமோ' என்பது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. கற்பிப்போன், வழிநடத்துவோன் என்று பொருள். நம் 'மாலுமி'யும் அதே சொல்லின் வழி வந்ததே. (மாலுமியும் ஆசிரியரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவர் என்பதை அறிந்தபோது, சிவப்பு மை பிடித்த நம் கை சற்றுக் கூசியது.) 'கனாக்கா' என்பது கணிப்பவன், கணக்கன் என்ற தொழிற்பெயர். ஆக, ஏட்டில் நின்றது அவன் தொழில். அவன் பெயர் கடலோடு போயிற்று. தோட்டியை 'ஏ தோட்டி' என்றும், வண்டிக்காரனை 'அடே வண்டி' என்றும் அழைத்துப் பழகிய நாட்டில் பிறந்த நமக்கு இந்தப் பழக்கம் புதிதன்று.

அவனிடம் காமா, தம் பெரிய மரக் கோள்மானியைப் பெருமையோடு காட்டினாராம். அவன் வியக்கவில்லை! செங்கடல் மாலுமிகளிடம் பித்தளைக் கருவிகள் உண்டு என்று சொல்லிவிட்டு, தங்கள் கருவியை எடுத்துக் காட்டினான் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸே எழுதிவைத்தார். நடுவில் துளையிட்ட சிறு பலகை. துளையில் முடிச்சிட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டி, அடிவானத்துக்கும் துருவமீனுக்கும் இடையே அதை நிறுத்தி, எத்தனையாவது முடிச்சு என்று எண்ணினால், தான் நிற்கும் இடம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். நான்கு விரல் கடை அகலப் பலகையில் நள்ளிரவு வானத்தை அளந்தவன் அவன்.

1498 ஏப்ரல் 24-இல் மெலிண்டியை விட்டார்கள். மே 20-இல் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் பாய்ச்சினார்கள். நான்கு வாரம்கூட ஆகவில்லை. எப்படி? தென்மேற்குப் பருவக்காற்று எப்போது எழும், எங்கே சேர்க்கும் என்று அறிந்தவன் சுக்கானருகே நின்றான், அதனால்! திரும்பும்போதோ நிலை வேறு. காற்று மாறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை காமாவுக்கு. அக்டோபர்த் தொடக்கத்தில் அஞ்சதீவை விட்டுக் கிளம்பினார். அதே கடல், அதே கப்பல்கள், அதே தலைவர். ஆப்பிரிக்கக் கரை தென்பட ஏறக்குறைய மூன்று திங்கள் ஆயிற்று! ஈறு வீங்கி, கால் வீங்கி, முப்பது பேர் அந்த ஒரு கடப்பிலேயே மாண்டனர். கப்பல் ஒன்றுக்கு ஏழெட்டுப் பேரே எழுந்து நடமாட முடிந்தது. ஓட்ட ஆளின்றி, சான் ரபேல் என்ற கப்பலைத் தம் கையாலேயே கொளுத்தினர். வழி தெரிந்தவனோடு வந்தது நான்கு வாரம். வழியைக் 'கண்டுபிடித்த' பிறகு திரும்பியது மூன்று திங்கள்! புறப்பட்டவருள் பாதிப்பேர்கூடத் தாயகம் திரும்பவில்லை. அந்த மாண்ட மாலுமிகளின் பெயரையும் எந்த வினாவும் கேட்பதில்லை.

கள்ளிக்கோட்டையில் முதலில் காலடி வைத்தவர் காமா என்றா எண்ணுகிறீர்கள்? அன்று. ஆபத்தான கரைகளில் முதலில் இறக்கிவிடுவதற்கென்றே கப்பலில் குற்றவாளிகளைக் கொணர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவனை அனுப்பினார் காமா. போனவனைத் துறையில் எதிர்கொண்டவர்கள், துனிசு நாட்டு வணிகர் இருவர். ஸ்பானிய மொழியிலேயே, "சைத்தான் உன்னைக் கொண்டுபோக! இங்கே உனக்கென்ன வேலை?" என்ற கருத்துப்பட வரவேற்றனர்! மனிதர் காணாத கரையில் ஸ்பானிய மொழியில் வசவு கிடைக்குமா, தோழர்களே?

காமாவுக்குப் பத்தாண்டு முன்பே, அவருடைய நாட்டவரே ஆன கோவில்யான் என்ற ஒற்றர், செங்கடல் வழியே வந்து கள்ளிக்கோட்டையைப் பார்த்துவிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோவின் சீனப் பெருங்கலங்கள் அங்கே வந்தன. பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா அங்கே பதின்மூன்று சீனக் கப்பல்களை எண்ணினார். இன்னும் பின்னே போனால் முசிறி. எகிப்திலிருந்து முசிறிக்குப் போய்வரும் வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று, இரண்டாம் நூற்றாண்டுத் தாள்சுவடியாக வியன்னாவில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட நம் உள்ளத்தைத் தொட்டவை உடைந்த பானை ஓடுகள். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்கதீமில் தோண்டியெடுத்த ஓடுகளில் தமிழ் எழுத்தில் இரண்டு பெயர்கள்: கணன், சாதன். அரசருமல்லர், அமைச்சருமல்லர், தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்த எளிய மனிதர்கள். காமாவுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னே அந்தக் கரையில் நின்றவர்கள். இந்திய வாணிகக் கடலின் பருவக்காற்றைக்கூட ஹிப்பாலஸ் என்ற கிரேக்கர் 'கண்டுபிடித்தார்' என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. காற்று வீசிய கரையில் குடியிருந்தவன் அது வீசுவதை அறியவில்லையாம்! மூக்கே இல்லாதவரோ அவர்?

"ஒரு சொல்லுக்கா இத்தனை சினம்?" என்பர் சிலர். "ஐரோப்பாவிலிருந்து என்று சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடுமே" என்பர். நல்லது, சேர்த்துக் கொள்ளுங்கள். சேர்க்காமல் விட்டது ஏன் என்றுதான் கேட்கிறோம். மையிலே ஒரு சொல் மிச்சமாயிற்று. மனத்திலே ஒரு பொய் நிலைத்தது. ஐரோப்பியன் கண் பட்டால்தான் கரை பிறக்கும். அதுவரை நாடும் இல்லை, நாவாயும் இல்லை என்று ஒரு குழந்தை நம்பத் தொடங்குகிறது. இன்னும் சிலர், "அவர்களால் அன்றோ மிளகாய் வந்தது, அச்சு வந்தது" என்பர். மெய்தான், 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சிட்டவர்களும் போர்த்துகீசியப் பாதிரிமாரே. அதற்கு நன்றி சொல்வோம். நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காகப் பொய்க்கணக்கு எழுத வேண்டுமா?

'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கண்டார், பிடித்தார். முதற்பாதி 1498. பிற்பாதி 1502. இரண்டாம் முறை காமா வந்தபோது வழி கேட்க வரவில்லை, பீரங்கிகளோடு வந்தார். மெக்காவிலிருந்து திரும்பிய கப்பல் ஒன்றை மறித்தார். அதிலே பயணிகள் நூற்றுக்கணக்கானோர், பெண்டிரும் பிள்ளைகளுமாக. பொருளைத் தருகிறோம், உயிரை விடுங்கள் என்றனர். பெண்கள் பச்சிளங் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சினர். கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. அதைக் கண்ணால் கண்டு எழுதியவர் எதிரியல்லர். காமாவின் அணியிலேயே வந்த தோமே லோபஸ். பின்னர்க் கள்ளிக்கோட்டைக்கு எதிரே, மீன் விற்கப் படகில் வந்தவர்கள் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துப் பாய்மரக் கம்புகளில் தூக்கிலிட்டு, தலையையும் கையையும் காலையும் வெட்டிப் படகிலிட்டு ஊருக்கு அனுப்பினர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் எல்லார்க்கும் பொதுவாய்க் கிடந்த அந்தக் கடலில், போர்த்துகீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத கலம் கொள்ளைக்குரியது என்ற சட்டம் வந்தது. மீன் விற்கப் போன அந்த மனிதர்களின் தொழிலைச் செய்பவரின் மகனிடந்தான், "கண்டுபிடித்த பெருமகன் யார், சொல்" என்று கேட்டு, சுழி போட்டோம்!

பழி முழுவதையும் லிஸ்பன் நகரின் மேல் ஏற்றிவிட்டுக் கைகழுவ நாம் விரும்பவில்லை. நம் கடலோடிகளின் கதையை எழுதாமல் விட்டது யார்? கடற்பயணம் செய்தவன் நிலையிழிந்தவன் என்று போதாயன தரும சூத்திரம் பாவப்பட்டியலில் சேர்த்தது. 1888-இல்கூட, இங்கிலாந்து செல்லத் துணிந்த காந்தியாரை அவர் சாதியார் விலக்கி வைத்தனர். காமா வந்து நானூறு ஆண்டு நெருங்கிய பிறகும்! ஏடும் எழுத்தாணியும் எவர் கையிலிருந்தனவோ, அவருக்குக் கடல் தீட்டு. கடல் எவருக்குக் கைவந்ததோ, அவருக்கு ஏடு தீட்டு. ஓதியவன் ஓடம் ஏறவில்லை. ஓடம் ஏறியவனை ஓத விடவில்லை. கணனும் சாதனும் பானையிலாவது பெயர் எழுதினர். அவர்தம் வழித்தோன்றல்கள் கைநாட்டு வைக்கும்படி ஆனது எந்தப் பருவக்காற்றினால்?

அந்தப் பையனின் தாளைத் திரும்ப வாங்கினோம். சுழியை அடித்தோம், ஒன்று போட்டோம். "அப்படியானால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மதிப்பெண்ணைக் குறைப்பீரோ?" என்று உடன் பணியாற்றும் நண்பர் நகைத்தார். குறைக்கவில்லை. அவர்கள் எழுதியது நாம் சொல்லிக் கொடுத்ததைத்தானே! அடுத்த தேர்வுக்கு வினா ஆயத்தமாகிவிட்டது: "1498-இல் மெலிண்டியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குக் கப்பலைச் செலுத்தியவர் பெயர் நமக்குத் தெரியாமற் போனது ஏன்?" ஐந்து மதிப்பெண்.