வரப்பில் நாவல் மரம், வீட்டில் பாட்டில் ஜூஸ்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். போன மாதம் ஊரில் ஒருவர் கூட்டம் போட்டு, ப்ளூபெர்ரி, அகாய் என்று வெளிநாட்டுப் பழங்களின் ஜூஸ் விற்றார். ஆன்டி ஆக்ஸிடன்ட் அதிகம், உடம்பில் உள்ள விஷத்தை எல்லாம் எடுத்துவிடும் என்றார். பாட்டில் 1,800 ரூபாய். இரண்டு பாட்டில் குடித்ததும் ‘உடம்பு தெளிவாக இருக்கிறது’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. இப்போது ஆறு பாட்டில் சேர்த்து எடுத்தால் ஏஜென்ட் ஆகலாமாம். குறுவை நடவுக்கு வைத்திருக்கும் பணத்தில் எடுக்கலாமா? எங்கள் வரப்பில் இரண்டு நாவல் மரம் இருக்கிறது. அந்தப் பழத்தில் இந்தச் சத்து கிடையாதா?
- திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் மாத்திரை. நான் வேளாண்மை படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் இதைச் சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை: நாளைக் காலையிலேயே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் ஒரு பரிசோதனை, மூன்று மாதச் சராசரிக்கு ஒரு பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை நின்று மூன்று வாரம் ஆனதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரை ஏறும்போது உடம்பு தெளிவாக இருப்பது போலத்தான் இருக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சேற்றில் முள் குத்தினாலும் நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. நடவு நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை, அம்மா. மாத்திரை வாங்க அலைச்சல் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2021 முதல் நடக்கிறது. உங்கள் ஊர் செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

இனி ஜூஸுக்கு வருவோம். அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

பாராகுவாட் களைக்கொல்லியை நல்ல வெயிலில் அடித்தால் மறுநாளே இலை கருகிவிடுகிறதே, கவனித்திருப்பீர்கள். இலைக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடத்தில் ஓடும் எலக்ட்ரானை அந்த மருந்து இடையில் பிடித்து ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. அப்படி வெறி பிடித்த ஆக்சிஜன் செல்லின் சவ்வைப் பொசுக்குகிறது. நம் உடம்பிலும் மூச்சு விடும்போதும் சாப்பாட்டை எரிக்கும்போதும் இந்த வகை ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். புகை, பீடி, கட்டுப்படாத சர்க்கரை இவற்றால் அது கூடும். தடுக்கும் அளவைவிடக் கூடிவிட்டால் அதைத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். முழுக்க இல்லாமலும் கூடாது. ரத்த வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே இதை வைத்துத்தான்.

இதைத் தடுக்க உடம்பே என்சைம்களைச் செய்துகொள்கிறது. அந்த என்சைம்களுக்குத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் வேண்டும். நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடுகிறோமே, அதே துத்தநாகம்தான். இதற்கு மேல் பழத்தின் நிறச்சத்தும் வைட்டமின் சியும் கொஞ்சம் துணை செய்யும். நாவல் பழத்தின் ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற சத்து. மணிச்சத்து குறைந்தால் மக்காச்சோள இலை ஊதாவாகிறதே, அதுவும் இந்த ஆந்தோசயனின்தான். ப்ளூபெர்ரியின் நீலமும் அந்தக் குடும்பம்தான். எனவே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: உண்டு, நன்றாகவே உண்டு.

ஆனால் சோதனைக் குழாயில் வேலை செய்வது எல்லாம் உடம்பில் அப்படியே நடப்பதில்லை. ஆந்தோசயனின் ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான். மீதியைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருளாக்கிவிடுகின்றன. பெர்ரி ஜூஸ் குடித்தவர்களின் ரத்தத்தில் சில அளவுகள் நல்லபடி மாறியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதை வைத்து நோய் தீரும் என்று சொல்ல முடியாது. எந்தப் பழத்தில் எவ்வளவு ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று ஒரு மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே வைத்திருந்தது. விற்பனைக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012-ல் எடுத்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994-ல் வந்த அந்த முடிவைப் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கேரட்டில் இருக்கும் அதே சத்துதான்!

நானும் ஒரு முறை ஏமாந்தவன். அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் இப்படி ஒரு பாட்டில் வாங்கி, வீட்டில் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். பின்பக்க லேபிளைப் பிறகுதான் படித்தேன். தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் அடுத்துத்தான் பழம். உங்கள் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

நடவுப் பணத்தை நடவுக்கே வையுங்கள். ஆறு பாட்டில் என்பது 10,800 ரூபாய். விற்காவிட்டால் உங்கள் வீட்டு அலமாரியில்தான் நிற்கும். ஏஜென்ட் ஆனால் அடுத்து உங்கள் சொந்தக்காரர்களிடமும் இதையே சொல்லி விற்க வேண்டியிருக்கும்.

நாவல் பழத்தை ஆனி, ஆடியில் அப்படியே, கைப்பிடி அளவு சாப்பிடட்டும். பிழிந்தால் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை சீக்கிரம் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்கள் நெல்லிச்சாறு போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. கறுப்பு கவுனி அரிசி வாங்கினால் தீட்டாமல் வாங்குங்கள். கறுப்பு முழுவதும் தவிட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: நாவல் பழ ஸ்குவாஷ் போட்டு விற்கிறோம். இரண்டு வாரத்தில் நிறம் வெளுத்துவிடுகிறது. ஏன்?
- திண்டுக்கல் மாவட்ட மகளிர் குழு

பதில்: எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட்டையே இதற்கும் போட்டிருப்பீர்கள். அது ஆந்தோசயனினை வெளுத்துவிடும். நிறமுள்ள சாறுக்கு சோடியம் பென்சோயேட்தான் சரி. அதுவும் அனுமதித்த அளவுக்குள். இரும்புச் சட்டி, இரும்புக் கத்தி வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஸ்குவாஷ் என்று பெயர் போட்டால் நூற்றுக்கு 25 பங்காவது பழச்சாறு இருக்க வேண்டும். சர்க்கரையோ 40 பங்குக்குக் குறையாமல் வரும். எனவே லேபிளில் ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள்.