காண்டா வாளிக்கு என்ன நிறம்?

‘தோட்டத்து மக்களின் கண்ணீரும் வியர்வையும்’ என்று ஆரம்பிக்கும் எதையும் இனிமேல் முதல் பத்தியைத் தாண்டிப் படிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கவிதை, சிறுகதை, நூல் வெளியீட்டு உரை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. கண்ணீர் விட்டவர் அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதுதான் என் கோபம்.

இந்தக் கோபம் விமர்சன நூல்களைப் படித்து வந்ததில்லை. பொம்மைக்குச் சாயம் அடிக்கப் போய் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு என்று ஒன்று உண்டு. சதுரங்கத்தின் கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம். நம் பக்கத்து யானை, குதிரை, தேர், காலாள் எல்லாம் மேற்கே போய்ப் பல உருவம் எடுத்த பிறகு, 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கிப் போர்ப் பயிற்சி ஆட்டமாக மாற்றினார். 1824இல் பிரஷ்ய ராணுவம் ரைஸ்விட்ஸ் என்பவரின் ஆட்டத்தைத் தன் அதிகாரிகளுக்குப் பழக்கியது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதி, ஈயச் சிப்பாய்களை வீட்டுத் தரையில் உருட்ட விதிமுறை கொடுத்தார். இன்றைக்கு இந்த உலகத்தில் பெரிய பெயர் 1983இல் வந்த வார்ஹேமர். படை வீரர் ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர், அல்லது கொஞ்சம் கூட. சுண்டுவிரலில் பாதி. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக வரும். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு. ஆட்டம் ஆடாமல் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர்களும் நிறையப் பேர். நான் அந்தக் கூட்டம். கோலா குபு பாருவிலிருந்து கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன். “இந்த வயசுல பொம்மைக்குப் பெயிண்டா?” என்று அம்மா கேட்டு முடித்து ஒரு வருஷம் ஆகிறது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. முதலில் பிரைமர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது. எங்கள் ஊர் மலையடிவாரம். மத்தியானத்துக்கு மேல் மழை கட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஈரத்தில் தெளித்தால் மேற்பரப்பு மணல் மணலாகப் பொரிந்துவிடும், ஆகவே காலையிலேயே முடித்துவிட வேண்டும். அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒரு தடிப்பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் நீர்த்த கருஞ்சாயத்தை ஓட விட்டால் அது துணி மடிப்பிலும் விரலிடுக்கிலும் போய்த் தங்கி நிழலாகிவிடும். பிறகு மேடான இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிர் நிறம். தூரிகை மிகச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது கட்டுக்கதை. நுனி கூராக இருந்தால் போதும். தட்டில் ஈர டிஷ்யூ விரித்து, மேலே கேக் சுடும் தாளைப் போட்டால் வண்ணம் காயாமல் இருக்கும் பலகை தயார். இவ்வளவுதான். ஒரு மாதத்தில் பார்க்கிற மாதிரி ஒரு சிப்பாய் வந்துவிடுவார்.

சிக்கல் அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. தோல்.

இந்த உலகத்தில் ‘ஃபிளெஷ்’ என்று பேர் போட்ட புட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது வெள்ளைக்காரர் கன்னம். வார்ஹேமர்காரர்கள் முன்பு விற்ற புட்டிகளில் குள்ளர் தோல், எல்ஃப் தோல் என்றெல்லாம் பேர் இருந்தது. கற்பனைக் குள்ளனுக்குக்கூடத் தனிப் புட்டி. கிரேயோலா கம்பெனி தன் ‘ஃபிளெஷ்’ நிறத்தை 1962லேயே ‘பீச்’ என்று பேர் மாற்றிவிட்டது. சிப்பாய் வண்ணக்காரர்களுக்கு அந்தச் செய்தி வந்துசேர ரொம்ப நாள் பிடித்தது. நம் நிறத்துக்கு ஆழ்ந்த பழுப்பில் ஆரம்பித்து, வெளிச்சம் படும் இடத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பைச் சேர்க்க வேண்டும். வெளிர வைக்கிறேன் என்று வெள்ளையைக் கலந்தால் முகம் திருநீறு அப்பியதுபோல் சாம்பல் பூத்துவிடும்.

ஆனால் இதில் வெள்ளைக்காரரைத் திட்டிவிட்டுத் தூங்கப் போக எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் தங்கள் ஆட்களை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. 1815 வாட்டர்லூவில் 92ஆம் படைப்பிரிவின் சட்டைக் கழுத்துப் பட்டை மஞ்சள், 95ஆம் துப்பாக்கிப் படையின் சட்டை கரும்பச்சை. ஏதோ ஒரு சின்ன ஊரில் பென்ஷன் வாங்கும் தாத்தா இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், தப்பாகத் தீட்டியவனோடு சண்டைக்கும் போவார். ஆஸ்ப்ரே பதிப்பகம் ராணுவ உடைகளுக்கென்றே 1971இலிருந்து ஒரு வரிசை போட்டு 500க்கும் மேற்பட்ட புத்தகம் கொண்டுவந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் வண்ணப் படங்கள், பொத்தான் கணக்கோடு.

நமக்கு? எங்கள் ஊருக்கு வடக்கே, தஞ்சோங் மாலிமைத் தாண்டினால் சிலிம் ரீவர். 1942 ஜனவரி 7ஆம் தேதி, விடியும் முன்னரே ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே நுழைந்து, மதியத்துக்குள் இந்திய 11ஆம் டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளைச் சிதைத்துப்போட்ட இடம். சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். இதை மேசையில் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாங்கி கிடைக்கும், பஞ்சாபி சிப்பாய் கிடைப்பார், கூர்க்கா கிடைப்பார், ரப்பர் மரம்கூடக் கம்பியில் செய்துகொள்ளலாம். அந்த மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. சண்டை நடந்த அன்று பெரட்டுக்கு ஆள் வந்தார்களா, லயத்திலேயே பதுங்கியிருந்தார்களா என்பதும் ஆட்டக்காரர்களுக்குத் தேவைப்படாது. அவர்களுக்குத் தேவைப்படாது என்பது எனக்குப் புரிகிறது. நமக்கு ஏன் தேவைப்படவில்லை?

ஆகவே அந்தப் பெண்ணை நானே செய்வது என்று ஒரு சாதாரணக் கிராமத்து உருவத்தை எடுத்து உடைத்தேன். தலைத்துண்டுக்குப் பசையில் நனைத்த டிஷ்யூ. காண்டா கம்புக்கு ஒரு கம்பித்துண்டு, வாளிக்கு உறிஞ்சுகுழலை நறுக்கியது. இடுப்புக்கு எப்பாக்சி மாவில் ஒரு கித்தாக் கத்தி. உருவம் நன்றாகத்தான் வந்தது. தூரிகையை எடுத்ததும் கை நின்றுவிட்டது. 1942இல் ஒரு பால்வெட்டுக்காரி சேலைமேல் போட்டுக்கொண்ட முழுக்கைச் சட்டை என்ன நிறம்? காண்டா வாளி வெறும் தகரமா, சாயம் அடித்ததா? மங்கு பீங்கானா, மண்ணா? ஒட்டுப்பால் கறை துணியில் எங்கே படும், இடது தொடையிலா, வயிற்றிலா? அது காய்ந்தால் பழுப்பாகும் என்று தெரியும். எத்தனை நாளில் கறுக்கும்?

வீட்டில் இருக்கும் தோட்டப்புற இலக்கியத்தை எல்லாம் இறக்கி வைத்துத் தேடினேன். கங்காணி அடிப்பார், கிராணி ஏமாற்றுவார், தொர குதிரையிலோ மோட்டாரிலோ வருவார், அம்மா இருமிக்கொண்டே பால் காட்டுக்குப் போவாள். அவள் உடுத்தியது ‘கந்தல்’. எங்கே திறந்தாலும் கந்தல். கந்தல் ஒரு நிறமா? கந்தலை நான் எந்தப் புட்டியில் வாங்குவது?

இந்த இடத்தில் என் நண்பர்கள் குறுக்கே வருவார்கள். “இலக்கியம்னா உணர்வு ப்ரோ, யூனிஃபார்ம் கேட்லாக் இல்ல.” சரி. அப்படியென்றால் ப. சிங்காரத்தை ஏன் இன்னும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்? 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் மெடான் தெருவும் அதன் கடைகளும் மனிதர்களின் பேச்சும் பேர் பேராக, பொருள் பொருளாக இருக்கின்றன. அவர் அங்கே புலம்பிக்கொண்டிருந்தால் அந்த நாவலை யாரும் இரண்டாம் முறை தொட்டிருக்க மாட்டார்கள். பொருளைப் பார்க்காத உணர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் நம் தோட்டக் கவிதைகளில் பேரை அழித்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

இன்னொரு பேச்சும் உண்டு: இதெல்லாம் காசுள்ள வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு. காசு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், பெட்டி விலை அநியாயம். ஆனால் ஒரே ஒரு உருவமும் ஐந்தாறு புட்டி வண்ணமும் போதும் ஆரம்பிக்க. வெள்ளைக்காரன் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்து விற்ற படங்களைப் பாருங்கள். வண்ணார், நெசவாளர், சிப்பாய் என்று கணவனும் மனைவியுமாக நிற்பார்கள். சேலைக் கரை, தலைப்பாகைக் கட்டு, கையில் தொழிற்கருவி எல்லாம் துல்லியம். வாங்கியவன் வெள்ளைக்காரன், பார்த்த கண் நம்முடையது. கொலுவில் செட்டியார் கடை வைக்கும்போது அரிசி மூட்டை, பருப்புத் தட்டு வரைக்கும் தனித்தனியாக நிறம் தீட்டினார்களே, அவர்கள் யார்? இன்றைக்கும் ஒரு தோட்டத்து முனீஸ்வரருக்கு எனாமல் அடிக்க வருகிறவரிடம் மீசைக்கு மேல் என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார். அவருக்குச் சாமியின் சட்டை தெரியும். நமக்குப் பாட்டியின் சட்டை தெரியாது.

போரை விளையாட்டாக்குவது அசிங்கம் என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குப் பாதி உடன்பாடு. எங்கள் ஊரைச் சுற்றி அந்த மாதிரி இடங்கள் இருக்கின்றன. பத்தாங் காலியில் 1948 டிசம்பர் 12ஆம் தேதி ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சீனர்கள், ரப்பர் தோட்டத்து ஆட்கள். அதைப் பகடை உருட்டி ஆட யாராவது மேசை போட்டால் நானே போய்க் கவிழ்ப்பேன். ஆனால் தீட்டுவது வேறு. தீட்டுகிறவன் ஒரு முகத்தை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாம் எந்த இறந்தவரை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறோம்?

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்வோம், நம் மேடைகளின் செல்லப் பிள்ளை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுக் கைதிகள் அங்கே எப்படி இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமா? ரொனால்ட் சியர்ல் இருக்கிறார், ஜாக் சாக்கர் இருக்கிறார். கைதியாக இருந்துகொண்டே, மறைத்து மறைத்து வரைந்தார்கள். கோவணம், புண், மூங்கில் கட்டில் எல்லாம் இருக்கிறது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பேர் ஆசியத் தொழிலாளர்கள், அதில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். வரைய அவர்களிடம் தாள் இல்லை, அது அவர்கள் குற்றமில்லை. திரும்பி வந்தவர்கள் எங்கள் லயங்களில் இன்னும் நாற்பது, ஐம்பது வருஷம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அப்போது ‘போகும்போது என்ன போட்டுக்கிட்டுப் போனீங்க தாத்தா?’ என்று கேட்டவர் எத்தனை பேர்? நாம் அவர்களிடம் கேட்டது ‘ரொம்பக் கஷ்டமா?’ என்று. ‘ஆமா’ என்றார்கள். அந்த ‘ஆமா’வை வைத்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் பாதி போயாயிற்று. மிச்சம் இருப்பவர்கள் 1942க்குச் சாட்சி சொல்ல முடியாது, ஆனால் 1960க்குச் சொல்வார்கள். அந்த உருவத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வட்டாரத்தில் ஆறேழு வீடு ஏறி இறங்கினேன். துயரத்தைப் பற்றிக் கேட்டால் ரெடியாக நாலு வாக்கியம் சொல்லி முடித்துவிடுகிறவர்கள், உள்ளங்கையில் அதை வைத்ததும் கண்ணாடியைத் தேடினார்கள். “கம்பு தப்பு. இவ்வளவு நேரா இருக்காது, பாரம் ஏறினா வளையும்.” “சேலைய இப்படி விட மாட்டோம், தூக்கிச் சொருகிக்குவோம், அட்டை ஏறும்ல.” ஒரு பாட்டி சட்டை காக்கி என்றார், கணவரின் பழைய சட்டை. அவர் தங்கச்சி, “ஏன்க்கா பொய் சொல்ற, நீ நீலப் பூப் போட்டதுதான் போட்ட” என்றார். இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை. மூன்றாமவர் ஒருவர், எந்த நிறத்தில் போட்டாலும் மூன்றே மாதத்தில் எல்லாம் ஒரே நிறம்தான் என்று சொல்லிவிட்டு, அந்த நிறத்தைக் காட்ட வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். கடைசியில் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார், அடியில் படிந்திருந்த கறையைச் சுட்டிக்காட்டி.

கம்பை வளைத்துவிட்டேன். சேலையைச் சொருகியாயிற்று. சட்டை இன்னும் பிரைமர் சாம்பலிலேயே இருக்கிறது. அக்காவும் தங்கச்சியும் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன். போன வாரம் வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.