வீட்டை எண்ணாதீர்கள், ஊரைக் காட்டுங்கள்



"ஏழு பேர்ச்சஸ் காணி, தனி வீடு எல்லாம் குடுத்தாச்சு. தோட்டத்துச் சனத்துக்கு இன்னும் என்ன வேணும்?" ஹட்டன் பஸாரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பேசுகிறவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அதனால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

முதலாவது, எல்லோருக்கும் கொடுத்தாச்சு என்பது பொய். இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பராக்களில்தான் இருக்கின்றன. இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் 10,000 வீடுகளை அறிவித்தது 2017 மே மாதம். அதன் முதல் கட்டத்துக்கு அடிக்கல் நட 2024 ஆகிவிட்டது.

இரண்டாவதுதான் முக்கியம். லயம் திட்டமில்லாமல் கட்டியது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் திட்டம் போட்டுத்தான் கட்டினார்கள். பிரட்டுக்கு ஆள் சீக்கிரம் வர வேண்டும், கொழுந்து நேரத்துக்கு ஸ்டோருக்குப் போக வேண்டும் என்பது அந்தத் திட்டம். அதில் நோயாளி இல்லை, கர்ப்பிணி இல்லை, விளையாடும் பிள்ளை இல்லை. இன்று புது வீடுகளையும் அதே கண்ணோடு கட்டினால் கூரை மட்டும்தான் மாறும். அம்புலன்ஸ் ஏறாத பாதை, மூடாத கான், மழைக்குக் கலங்கி வரும் பீலித் தண்ணீர் எல்லாம் அப்படியே இருக்கும். முழங்கால் வரை சேற்றோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

திட்டமிடத் தெரியாத நாடா இது? நுவரெலியாவைப் பாருங்கள். கிரகரி வாவி 1873இல் வந்தது, கோல்ப் மைதானம் 1889இல் வந்தது. நடைபாதை, பூங்கா, குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் உண்டு. சீசனுக்கு வருகிறவர் காற்று வாங்க இவ்வளவு இடம். அந்த மலையிலேயே பிறந்த பிள்ளைக்குப் பந்து விளையாட ரோடுதான்.

உயிர்க் கணக்கும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அதே பாடத்தை மலையகம் முழுவதற்கும் நடத்தியது. எங்கே கட்டக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதுதான் திட்டமிடலின் முதல் வேலை.

"தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது" என்று பிரதேச சபைகள் பல வருடம் சொன்னன. 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் வந்தன. 2025 மே மாதம் வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கு இனி அந்தச் சாட்டு இல்லை.

ஆகவே அடுத்த அடிக்கல் விழாவுக்கு மாலையோடு போகாமல் வரைபடத்தைக் கேளுங்கள். மண்சரிவு ஆய்வு முடிந்ததா? அம்புலன்ஸ் வாசல் வரை வருமா? குடிதண்ணீர் எங்கிருந்து? கழிவுநீர் எங்கே போகும்? பிள்ளைகளின் மைதானம் எது? பதில் இல்லையென்றால் கல் நட விடாதீர்கள்.

பஸார்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது கடைக் குப்பையும் கான் தண்ணீரும் இறங்குவது கீழே இருக்கும் தோட்டத்துக்குத்தான். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஈமானில் சேரும் என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அண்டை வீட்டார் தலையில் குப்பையைக் கொட்டிவிட்டு "இன்னும் என்ன வேணும்" என்று கேட்க நமக்கு வாய் இருக்கக் கூடாது. சபைக் கூட்டத்துக்கு அவர்களோடு சேர்ந்தே போவோம், இன்ஷா அல்லாஹ்.