சைவ்ஸ் தாளும் கொசுறுக் கொத்துமல்லியும்

“சைவ்ஸ் என்னும் கீரையில் சத்து மிகுதி என்று கேள்விப்படுகிறோம். பெரிய கடைகளில் அதைச் சிறு பெட்டியில் அடைத்து, ஒரு பிடிக்கே நல்ல விலை சொல்லி விற்கிறார்கள். வளரும் குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பது அவசியந்தானா?” என்று தலைநகரில் வசிக்கும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். விலை கொடுப்பதற்கு முன் விசாரிப்பது நல்ல வழக்கம். ஆதலால் சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

சைவ்ஸ் என்பது வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் குலத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி. தாவர நூலார் இதனை அல்லியம் ஷீனோபிரேசம் என்பர். கிழங்கு என்று சொல்லத்தக்க அளவு அடியில் ஒன்றும் இராது. உண்ணப்படுவது தாள் மட்டுமே. கோணி ஊசி போல் மெலிந்து, உள்ளே துளையுடையதாய், பசுமையாக வளரும். பூ ஊதா நிறம். குளிர் நாட்டுப் பயிராகையால் ஐரோப்பியர் சமையலில் அதற்கு நல்ல இடமுண்டு. முட்டை, உருளைக்கிழங்கு, சூப் ஆகியவற்றின் மேல் இறக்கும் தறுவாயில் பொடியாக நறுக்கித் தூவுவர். நாம் ரசத்தில் கொத்துமல்லி கிள்ளிப் போடுவது போலத்தான். பெயரில் ‘சைவ’ என்று ஒலித்தாலும், விரத நாளில் வெங்காயம் விலக்குகிற இல்லத்தார்க்கு இது ஆகாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

நம் நாட்டுக்கு இக்குலம் அந்நியம் என்று எண்ண வேண்டுவதில்லை. மணிப்பூரில் ‘மரோய் நாகுப்பி’ என்று வழங்கும் தட்டையான தாளுடைய செடி சைவ்ஸுக்கு நெருங்கிய உறவு. அங்கே வீட்டுக் கொல்லைகளில் அது வளர்கிறது. வெங்காயம் பூண்டை விலக்கும் வைணவ மரபினர் அதைக் கொண்டே கறிக்கு மணமூட்டுகின்றனர். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின் அங்கிருந்து வந்து மோரே எல்லையூரில் குடியமர்ந்த நம் தமிழன்பர்களுக்கு இச்செடி புதிதன்று. குமாவோன், நேபாள மலைவாசிகளோ ‘ஜம்பு’ அல்லது ‘ஜிம்பு’ என்னும் காட்டு வெங்காயத் தாளை உலர்த்தி வைத்துப் பருப்புக்குத் தாளிக்கின்றனர். நம் பெருங்காயம் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

இனிச் சத்துக்கு வருவோம். பச்சைச் சைவ்ஸ் 100 கிராம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 90 கிராம் தண்ணீரே. 30 கலோரி உஷ்ணம், 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம், இரண்டரை கிராம் நார் உண்டு. வைட்டமின் சி 58 மில்லிகிராம், சுண்ணாம்புச் சத்து 92 மில்லிகிராம், இரும்பு 1.6 மில்லிகிராம், ஃபோலேட் 105 மைக்ரோகிராம், வைட்டமின் கே 210 மைக்ரோகிராமுக்கு மேல், வைட்டமின் ஏ கணக்கில் 218 மைக்ரோகிராம். இவ்வெண்களில் பொய்யில்லை. விற்பவர் இவற்றைக் காட்டிப் பெருமை பேசினால் நாம் மறுப்பதற்கும் இல்லை.

ஆனால் சைவ்ஸை நூறு கிராம் உண்பவர் யார்? பொடியாக நறுக்கிய சைவ்ஸ் ஒரு மேஜைக் கரண்டி நிறைய எடுத்தாலும் நிறை மூன்றே கிராம். அதில் வைட்டமின் சி ஒன்றே முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு. ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வகுத்த அளவின்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 65 மில்லிகிராம். இரும்போ 29 மில்லிகிராம் வேண்டும். ஒரு கரண்டிச் சைவ்ஸ் தருவது அதில் அறுநூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை உண்டு என்று 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறியது. அந்தக் குறையைத் தூவும் கீரையால் தீர்க்க முடியாது. சைவ்ஸ் மணத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள். அந்த மணம் வேண்டுவோர் தாராளமாக வாங்கலாம். சத்துக்கென்று அந்த விலை கொடுப்பதைத்தான் நாம் ஒப்பவில்லை.

இதே கடைத்தெருவில் காய்கறி வாங்குகையில் கடைக்காரர் இரண்டு பச்சை மிளகாயுடன் கொசுறாகப் போடும் கொத்துமல்லியைச் சற்று நினைத்துப் பாருங்கள். எடைக்கு எடை ஒப்பிட்டால் அதில் வைட்டமின் சி சைவ்ஸில் உள்ளதில் பாதியளவே. ஆனால் வைட்டமின் ஏயும், கேயும் அதைவிடக் கூடுதல். இரும்பும் சற்று அதிகமே. கொத்துமல்லியைத் தூவுவதோடு நில்லாமல் ஒரு கட்டு முழுவதையும் துவையலாக அரைத்து உண்கிறோம் என்பதுதான் முக்கியமான வேறுபாடு. முருங்கைக்கீரை கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கோ இந்தப் பேச்சே வேண்டாம். சுண்ணாம்பிலும் இரும்பிலும் சைவ்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

சைவ்ஸின் சுவையும் வேண்டும், வயிறு நிறையவும் உண்ண வேண்டும் என்போருக்கு வெங்காயத்தாள் இருக்கிறது. டில்லியில் ‘ஹரா பியாஸ்’ என்று கேட்டால் குளிர்காலம் முழுவதும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பம்பாய்ப் பக்கத்தில் ‘பாத்திச்சா காந்தா’ என்பர். கல்கத்தாவில் விற்கும் ‘பேயாஜ்கோலி’ வெங்காயப் பூவின் காம்பு. சற்று வேறான உறுப்பு எனினும் பொரியலுக்கு உகந்தது. நம் இல்லங்கள் சிலவற்றில் வெள்ளை அடியை நறுக்கிக்கொண்டு பச்சைத் தாளைக் குப்பையில் எறிவதைக் கண்டிருக்கிறோம். கிழங்கு வெங்காயத்தில் வைட்டமின் ஏ அறவே இல்லை; வைட்டமின் கே பெயரளவுக்குத்தான். தாளோடு கூடிய இளவெங்காயத்திலோ கே 200 மைக்ரோகிராமுக்கு மேலும், சுண்ணாம்பு கிழங்கைப் போல் மும்மடங்கும், இரும்பு ஏழு மடங்கும் உள்ளன. எறிகிற பகுதியில்தான் இச்சத்துகள் பெரும்பாலும் இருக்கின்றன! ஒருவர்க்கு 75 கிராம் வீதம் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தால் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு கிடைக்கும். மேலே எலுமிச்சை பிழிந்துகொண்டால் அந்த இரும்பு உடலில் சேர்வது எளிதாகும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

பக்குவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்குலத்துத் தாள்கள் முழுமையாக இருக்கும்வரை மணம் வீசா. கத்தி படும்போது உள்ளறைகள் உடைந்து, நொதி ஒன்று கந்தகப் பொருளோடு கலந்து மணம் பிறக்கிறது. முதலிலேயே கொதிக்க விட்டால் நொதி அழிந்து மணமும் மங்கும். வைட்டமின் சியும் சூட்டில் குறையும். நீரில் கரைந்தும் போகும். ஆகவே நறுக்கிய பின் அலம்பாமல், அலம்பிய பின் நறுக்கி, இறக்கும்போது சேர்ப்பதே நன்று. ஏ சத்துக்கு மட்டும் சிறிது எண்ணெயோ நெய்யோ துணை வேண்டும். இக்கந்தகப் பொருள்கள் பெரும் வியாதிகளையெல்லாம் விரட்டும் என்று பரப்பப்படுவதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். ஆய்வுக்கூடக் குப்பியில் கண்டது தட்டில் தூவும் கரண்டியளவுக்குப் பொருந்திவிடாது.

வைட்டமின் கே குறித்து நாம் இருமுறை சொன்னதற்குக் காரணமுண்டு. டென்மார்க்கு அறிஞர் ஹென்ரிக் டாம் கண்டறிந்து, 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்குக் காரணமான இச்சத்து, காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு இன்றியமையாதது. இதய வால்வு மாற்றியவர்கள் முதலியோருக்கு இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் தரும் வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய மருந்துகள் இச்சத்தின் செயலைத் தடுத்தே வேலை செய்கின்றன. அதனால் தட்டில் கீரை திடீரென்று பெருகினால் மருந்தின் வலிமை குன்றும். திடீரென்று நின்றால் மிஞ்சும். முன்னதில் இரத்தம் கட்டியாகும் அபாயம். பின்னதில் இரத்தக் கசிவு.

இது வெளியூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஊரில் ஆண்டு முழுவதும் சீராகக் கீரை உண்டு பழகிய பெற்றோர், பிள்ளையுடன் தங்க மார்கழியில் வடக்கே வருகிறார்கள். இங்கோ அப்போதுதான் பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, வெங்காயத்தாள் எல்லாம் ஒருங்கே மலிந்து கிடக்கின்றன. மருமகள் அன்போடு நாள்தோறும் ஒரு கீரை சமைக்கிறாள். சித்திரை வெயிலில் அத்தனையும் சந்தையிலிருந்து மறைந்துவிடும். மருந்தின் அளவோ ஊர் மருத்துவர் அங்கிருந்த உணவுக்கு ஏற்பக் குறித்தது! அத்தகைய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கொடுங்கள். வந்த சில நாட்களுக்குள் உள்ளூர் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் உட்கொள்வோருக்கும், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்து உண்போருக்கும் வைட்டமின் கேயினால் இந்தத் தொல்லை இல்லை. எந்த மருந்து என்பது தெரியாவிட்டால் சீட்டைப் பார்த்து மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

சைவ்ஸ் வேண்டுமென்றே விரும்பும் குழந்தைகள் இருந்தால் ஐப்பசியில் விதை தூவித் தொட்டியில் வளர்க்கலாம்; சமவெளிக் கோடையில் அது வாடிவிடும். அதைவிடச் சுலபம், கூடையில் முளைவிட்ட வெங்காயத்தைப் பழைய டின் ஒன்றில் மண்ணிட்டுப் புதைத்து, வெயில் படும் ஜன்னலோரம் வைப்பது. டின்னின் அடியில் இரண்டு துளை இட மறக்க வேண்டாம். நீர் தேங்கினால் வெங்காயம் அழுகிவிடும். இரண்டொரு வாரத்தில் தாள் நறுக்கும் அளவு உயர்ந்துவிடும். அடியில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும்.