எழுதப் போகும் ஊர்

நுழையும்முன்

எழுதுவதற்கு அமைதியான இடம் வேண்டும் என்பர். அவ்விடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? வார இறுதியின் இரண்டு நாள்களை எழுத்துக்கென ஒதுக்கும் இளம் படைப்பாளர் எந்த ஊருக்குச் செல்லலாம் என்பதை வெண்ணந்தூரில் நின்று ஆராய்கிறது இக்கட்டுரை.

தறியொலியும் தாளும்

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூர், நெசவாளர் வாழும் ஊர். தறியும் அடுப்பும் பாடநூலும் ஒரே கூடத்தில் இடம்பெறும் வீட்டில் வளரும் மாணவி ஒருத்தி, சிறுகதை எழுத முற்படுவதாகக் கொள்ளலாம். நான்கு வரி எழுதுவதற்குள் இழை அறுந்ததென்று அழைப்பு வரும். குழாயில் தண்ணீர் வரும். தம்பிக்குக் கணக்கில் ஐயம் வரும். அவள் எழுத வேண்டிய வாழ்வு இவற்றில்தான் இருக்கிறது. ஆயினும், அதை எழுதி முடிக்க அறுபடாத பொழுது தேவை. புனைகதை எழுதும் பெண்ணுக்குப் பொருள்வசதியும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். எனவே, எழுதுவதற்காக இரண்டு நாள் வெளியூர் செல்ல விரும்புவதை ஆடம்பரம் என ஒதுக்கிவிட இயலாது.

மலையா, சமவெளியா?

வெளியூர் என்றதும் நினைவில் எழுவன ஏற்காடும் கொல்லிமலையும். குளிர்ச்சியும் பசுமையும் அங்கு உண்டு. ஆனால், ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைச் சாலையிலோ 70. ஏறவும் இறங்கவுமே ஒரு பகலின் பெரும்பகுதி கழியும். வார இறுதியில் கூட்டமும் அறை வாடகையும் மிகும். பார்க்க வேண்டிய இடங்கள் பல இருக்க, குறிப்பேடு பையிலேயே இருந்துவிடும்.

மலையைப் பற்றியே எழுதுவோர்க்கு இது பொருந்தாது. ராஜம் கிருஷ்ணன், நீலகிரிப் படகர் வாழ்வைக் ‘குறிஞ்சித்தேன்’ நாவலிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலும் எழுதினார். அவ்விடங்களுக்கே சென்று மக்களோடு பழகியபின் எழுதியவர் அவர். எழுதும் பொருளே அவர் செல்ல வேண்டிய ஊரை முடிவுசெய்தது.

அருகிலிருக்கும் நாமக்கல்

வெண்ணந்தூர் மாணவிக்கு ஏற்ற ஊர் நாமக்கல் எனலாம். ராசிபுரம் வழியாகப் பேருந்திலேயே சென்றடையலாம். அத்தை, சித்தி என உறவினர் ஒருவர் வீடு அங்கிருந்தால் தங்குமிடச் செலவும் பெற்றோரின் கவலையும் குறையும். பாறைக்குன்றின் மேல் கோட்டை, குன்றைக் குடைந்தெடுத்த கோயில்கள், அடிவாரத்தில் கமலாலயக் குளம் என மாலை உலாவுக்குப் போதிய இடங்கள் உண்டு. 1888இல் மோகனூரில் பிறந்து, 1949இல் அரசவைக் கவிஞரான வெ. இராமலிங்கனாரின் இல்லம் இவ்வூரில் நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. புத்தகங்களுக்கு நடுவே அமரும்போது மனம் எளிதில் எழுத்தில் படியும்.

செல்ல இயலாதோர்

வெளியூர் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் அமைவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓட்டினால்தான் கூலி என்னும் வீடுகள் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் எழுத இயலாதோ? அசோகமித்திரன், சென்னை தியாகராய நகரின் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியவர். ஆர்.கே. நாராயணின் பெயரிலுள்ள முதலெழுத்து, வெண்ணந்தூருக்கு அண்மையிலுள்ள ராசிபுரத்தைக் குறிப்பது. 1935இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே, எந்த வரைபடத்திலும் இல்லாத மால்குடியை அவர் படைத்துவிட்டார். உள்ளூர் நூலகத்தின் ஒரு மூலையும், விடியற்காலையின் ஒரு மணி நேரமும் பயணத்துக்கு ஈடாகக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது வீட்டாரின் கடமை.

பாவு பிணைத்தபின் நெசவு

பாவு பிணைக்காத தறியில் எவரும் நாடாவை ஓட்டுவதில்லை. கதைமாந்தர் யாவர், நிகழ்வு யாது, தொடக்கம் எங்கே என்பவற்றை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுபவர்க்கு இரண்டு நாள் போதும். வெறுங்கையோடு செல்பவர்க்கு எந்த மலையும் கதை தந்துவிடாது. தொலைவு குறைந்ததாக, செலவு தாங்கத்தக்கதாக, எழுதும் பொருளுக்கு இசைந்ததாக அமையும் ஊரே எழுதப் போவதற்கு உரிய ஊர். அங்கிருந்து திரும்பும் மாணவியின் பையில் எழுதி முடித்த நான்கு பக்கங்கள் இருந்தால், அவள் தேர்வு சரியானதே.