கொடியை அடகு வைக்க முன் ஒரு கணக்கு



சென்ற மாதம் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவரை 2009 இல் இழந்த ஒரு தாய், மேசையில் ஒரு துண்டுப் பிரசுரத்தை விரித்து வைத்திருந்தார். 'தீப் பாதுகாப்பு டிப்ளோமா. ஆறு மாதம். வெளிநாட்டில் உடனடி வேலை' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. கட்டணம் இரண்டு இலட்சம் ரூபா.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். ஒரு முடிவு சொல்லுங்கோ. கொடியை வைச்சால் காசு கிடைக்கும். முகாமிலயும் விற்காமல் வைச்சிருந்த கொடி" என்றார். சாதாரண தரம் சித்தியடைந்த இருபது வயது மகன் வாசலில் நின்றான். மேசன் உதவியாளாக மாதம் முப்பதாயிரம் வரை உழைக்கிறான்.

"அக்கா, முடிவு சொல்ல முன் கணக்குப் பார்ப்போம்" என்றேன். ஒரு கொப்பியை எடுத்தோம்.

கட்டணம் 200,000. பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 5,000 என்றால் ஆறு மாதத்துக்கு 30,000. பிரசுரத்தில் இல்லாத செலவுகளும் உண்டு. படிக்கும் காலத்தில் மகனின் உழைப்பு நின்றுவிடும். அது 180,000. அடகு வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தால், ஒரு வருடத்தில் மீட்டாலும் 36,000. மொத்தம் 446,000 ரூபா.

பயிற்சிக்குப் பின் இப்போதைய உழைப்பை விட மாதம் 15,000 கூடுதலாகக் கிடைத்தால், போட்ட பணம் திரும்ப முப்பது மாதம் செல்லும். வேலையே கிடைக்காவிட்டால்? அந்தத் தாய் பேசாமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீப் பாதுகாப்பு கெட்ட தொழில் அல்ல. தொழிற்சாலை, ஹோட்டல், எண்ணெய் நிறுவனம் எல்லாவற்றுக்கும் அது தேவை. ஆனால் தீயணைப்பு வீரர் வேறு, பாதுகாப்பு உத்தியோகத்தர் வேறு. எமது நாட்டில் தீயணைப்புப் படைகள் பெரும்பாலும் மாநகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்குகின்றன. அங்கு வெற்றிடம் வந்து, விண்ணப்பம் கோரி, உடற்தகுதி பார்த்தே ஆள் எடுப்பார்கள். தனியார் டிப்ளோமா மட்டும் அந்தக் கதவைத் திறக்காது. வளைகுடாவில் பாதுகாப்பு உத்தியோகத்தராவதற்குப் பெரும்பாலும் அனுபவமும், ஆங்கிலமும், நெபோஷ் போன்ற சர்வதேசச் சான்றிதழும் கேட்கிறார்கள்.

ஆகவே பணம் கட்ட முன் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. இரண்டையும் கேளுங்கள்.

இரண்டாவது, முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. கிடைக்குமா? எந்த நிலை? இதில் ஏழு நிலைகள் உண்டு. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். 'டிப்ளோமா' என்று அச்சிட்ட எல்லாத் தாளும் ஐந்தாம் நிலை ஆகிவிடாது.

மூன்றாவது, முன்பு படித்தவர்களில் இருவரின் தொலைபேசி இலக்கம் தருவார்களா? அவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள்?

நான்காவது, வெளிநாட்டு வேலை என்றால், அனுப்பும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அந்தத் தாயும் மகனும் போய் விசாரித்தார்கள். நிறுவனத்துக்குப் பதிவு இருந்தது. பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லை. மகன் மூன்று நாள் வீட்டில் ஒருவரோடும் பேசவில்லை. அவனது கோபம் நியாயமானது. அவன் கேட்டது ஒரு நல்ல வாழ்வைத்தானே?

பிறகு பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்தோம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களையும், கிளிநொச்சியில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் பற்றிக் கூறினார். மகன் இப்போது கட்டணமில்லாத மின்னியலாளர் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். தீ எச்சரிக்கை மணிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் மின்வேலை தெரிந்தவர்களே. அவன் ஆசைப்பட்ட தொழிலுக்கு இந்த வழியாலும் போகலாம். இங்கும் ஆறு மாதம் என்று வைத்தால், பஸ் செலவும் நின்ற உழைப்பும் சேர்த்து 210,000. அதே 15,000 கூடுதலாக உழைத்தால் பதினான்கு மாதத்தில் மீண்டுவிடும். கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

சகோதரிகளே, பிள்ளையின் படிப்புக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகை எமக்குக் கடைசிப் பாதுகாப்பு. அதைக் கொடுப்பதானால் விசாரித்து, கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, அவன் கையாலேயே அந்தக் கணக்கை எழுத விடுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.