‘இரசாயனம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் ஒரு குறையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, ‘இரசாயனப் பொருட்கள் ஏற்றிய கப்பல்’ என்று எழுதியதோடு எம்மில் பலர் நின்றுவிட்டோம். நானும் அதற்கு விலக்கல்ல.

அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அமிலம் என்றதும் தோலைப் பொசுக்கும் திரவமே நம் நினைவுக்கு வரும். அது பாதிக் கதைதான். செறிந்த நைத்திரிக் அமிலம் ஓர் ஒட்சியேற்றி. தான் எரியாது, ஆனால் மரத்தூளையும் வைக்கோலையும் எரியவைக்கும். ஒட்சிசனைத் தானே வழங்குவதால், காற்றை மறித்துத் தீயை அணைக்கும் வழக்கமான உபாயம் அங்கே பலிக்காது. ஆகவேதான் 65 சதவீதமும் அதற்கு மேலும் செறிவுள்ள நைத்திரிக் அமிலத்துக்கு, அரிக்கும் பொருளுக்குரிய 8ஆம் வகுப்பு முத்திரையுடன், ஒட்சியேற்றிக்குரிய 5.1 முத்திரையும் வேண்டும் என்கின்றன ஐக்கிய நாடுகளின் சரக்கேற்ற விதிகள். வட்டத்தின்மேல் சுவாலை வரைந்த மஞ்சள் சாய்சதுரம் அது.

பெய்ரூத்தில் 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி வெடித்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்றும் பொதுவாக இந்த 5.1இல் அடங்குவதே. வெடிபொருட்களுக்குரிய 1ஆம் வகுப்பில் அது இல்லை. கடும் வெப்பமும் மாசும் அடைபட்ட இடமும் சேர்ந்தால் வெடிக்கும் என்பதோ நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதப்பட்டும், ஆறு ஆண்டுகள் அது துறைமுகக் களஞ்சியத்திலேயே கிடந்தது.

நமது கரைக்கு வருவோம். கப்பலிலிருந்து கரையொதுங்கியவற்றைத் தொடவேண்டாம் என்றார்கள். நீர்கொழும்புப் பக்கம் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களை அறிவிலிகள் என்று ஏசியோரும் உளர். எது எரியும், எது அரிக்கும், எது நஞ்சு என்று அவர்களுக்கு யார் சொன்னது? ‘இரசாயனம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டு அவர்கள் அஞ்சவில்லையே என்று வியப்பது நியாயமாகாது.

வகுப்புப் பட்டியலும் முழுமையானதன்று. கடற்கரையை மூடிய பிளாஸ்ரிக் மணிகள் அப்போது எந்த ஆபத்து வகுப்பிலும் இடம்பெற்றிருக்கவில்லை. இருந்தும், இருக்கிற பட்டியலையாவது பயன்படுத்தலாம். துறைமுகத்தில் விபத்து நேர்ந்த அன்றே, கப்பலிலுள்ள ஆபத்தான சரக்குகளின் வகுப்பு எண்களை அதிகாரிகள் மும்மொழிகளிலும் வெளியிட வேண்டும். அந்த எண்களின் பொருளை விளக்கும் ஒரு தாள் ஒவ்வொரு செய்தி ஆசிரியரின் மேசையிலும் இருக்கட்டும். எனது மேசையில் இப்போது ஒட்டியிருக்கிறேன், சற்றுத் தாமதமாகத்தான்.